அக்கரைப் பிள்ளையைக் காணப் போதல்

மலாய் நாட்டுத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் கப்பல்களை எண்ணுகின்றனர். கப்பலில் வந்த தலைகளை எண்ணுகின்றனர். தலைக்கு இத்தனை என்று கங்காணி பெற்ற காசையும் எண்ணுகின்றனர். வேலைக்கு வந்தவன் இவ்வாறு ஏட்டில் ஏறிவிட்டான். அவனைக் காண வந்தவரோ ஏறவில்லை. "மகன் பினாங்கில் இருக்கிறான், கண் மூடுமுன் ஒருமுறை அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று புறப்பட்ட தாய், குடியேற்றக் கணக்கில் 'தொழிலாளர் அல்லாதார்' என்னும் பத்தியில் வணிகரோடும் எழுத்தரோடும் கலந்து ஓர் இலக்கமாய் மறைந்து போனாள்.

இதனைச் சிறு செய்தி என்று தள்ளிவிடலாகாது. ஓர் ஊரில் வாழ்பவன் அங்கே குடியாக இருக்கிறானா, வெறுங் கருவியாக இருக்கிறானா என்று அறிய வேண்டின், அவனுடைய சம்பளத்தை மட்டும் கேட்டால் போதாது. அவனைப் பெற்றவர் அங்கே வந்து நாலு நாள் தங்கிப் போக முடிந்ததா என்று கேட்க வேண்டும். அக்கேள்வியை மனத்திற் கொண்டு பினாங்குத் தீவின் வரலாற்றைப் பார்ப்போம். நாகையிலிருந்து வந்த கப்பல் மலாய் நாட்டில் முதலில் நின்ற துறை அதுவேயாதலின், நம்மவரின் கூடலும் பிரிவும் அங்கேதான் மிகுதியாக நிகழ்ந்தன.

1786 ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கும்பினியின் பேரால் அத்தீவில் கொடி நாட்டினார். எட்டாண்டு செல்லுமுன்னரே சோழமண்டலக் கரையினின்று வந்த தமிழ் முஸ்லிம்களும் பிறரும் ஆயிரத்துக்கு மேல் அங்கே குடியேறியிருந்தனர். அவரைச் 'சூலியர்' என்பது அக்கால வழக்கு. ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 ஆடவர் கப்பலேறி வருவதையும், சில வெள்ளிகள் ஈட்டிக்கொண்டு ஊர் திரும்புவதையும், அவர் விட்ட இடத்திற்கு வேறு சிலர் வருவதையும் லைட் 1794 இல் எழுதியுள்ளார். அக்காலத்தில் பெற்றவர் கடல் கடக்க வேண்டிய தேவை பெரிதாக எழவில்லை. பிள்ளை தானே திரும்பி வந்தான். திரும்பாதவன் அங்கேயே மலாய்ப் பெண்ணை மணந்து வீடு கட்டிக்கொண்டான். அவ்வழி வந்தவரே ஜாவிப் பெக்கான் எனப்பட்ட மக்கள். அவனுடைய தாய்க்குப் பேரப்பிள்ளைகள் பிறந்த செய்தியையாவது யாரேனும் கொண்டுபோய்ச் சொல்லியிருப்பர் என்று நம்புவோம்.

ஊரைக் காண இயலாதவர் ஊரின் சாயலைக் கட்டிக்கொண்டனர். காதர் முகைதீன் என்னும் தலைவர் 1801 இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைத் தோற்றுவித்தார். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரால் ஒரு தர்கா எழுந்தது. நாகூருக்குப் போக முடியாதவன் அங்கே போனான். 1833 இல் குவீன் தெருவில் மாரியம்மன் கோயில் அமைந்தது. இவற்றை எழுப்பியவரின் ஏக்கத்தை யாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. கோயிலுக்கும் தேருக்கும் பொருள் திரட்டிய நம் பெரியவர்கள், ஏழைத் தொழிலாளியின் தாய் தந்தையர் ஒருமுறை வந்து போகக் கப்பற் சீட்டு நிதி என்று ஒன்று திரட்டும் நினைப்பை ஏன் கொள்ளாது போயினர்? கல்லாலாகிய அம்மனுக்கு இருந்த பரிவு, பெற்ற அம்மைக்கு இல்லாமற் போயிற்று.

விரும்பி வந்தவர் நிலை இது. விலங்கிட்டுக் கொணரப்பட்டவர் நிலை வேறு. 1801 அக்டோபர் 24 ஆம் நாள் சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் மைந்தன் துரைசாமிக்கு அப்போது பதினைந்து வயதளவில் இருக்கும். இளமை கருதித் தூக்கிலிருந்து தப்பிய அப்பிள்ளை, வேறு பல கிளர்ச்சிக்காரரோடு 1802 இல் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டான். இனி ஊர் திரும்பலாகாது என்பது தண்டனை.

அவனைக் காண யார் போவர்? தந்தை இல்லை, பெரிய தந்தை இல்லை, உறவினர் சிதறிப் போயினர். பதினேழாண்டு கழிந்து அவன் அறிந்த முகம் ஒன்று பினாங்கிற்கு வந்தது. அது பகைவனின் முகம். ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், போர் மூளுமுன் சின்ன மருதுவோடு நட்புப் பூண்டு, ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவரிடமே கற்றவர். பின்னர் அவரை எதிர்த்த படையிலேயே நின்றவர். சிறைப்பட்ட துரைசாமி சிலகாலம் இவர் காவலில் இருந்தான். 1818 இல் வெல்ஷ் பினாங்கிற்கு வந்தபோது, தளர்ந்து கூனிய கிழத்தோற்றமுடைய ஒருவன் அவர் முன் வந்து நின்றான். யார் நீ என்று கேட்க, அவன் தன் பெயரைச் சொன்னான். முப்பத்திரண்டு வயதுக்காரன்! வெல்ஷ் 1830 இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் இதனை மனம் நொந்து எழுதுகின்றார். துரைசாமி விடுதலை கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. இந்தியாவில் எஞ்சியிருக்கும் தன் குடும்பத்தாருக்கு ஒரு கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டான். விதி இடங்கொடுக்கவில்லை என்று வெல்ஷ் அதனை மறுத்துவிட்டார். நெஞ்சிலே ஈரம் இருந்தது; கையோ சட்டத்துக்கு அஞ்சிற்று. நல்லவர் என்று பெயரெடுத்த அதிகாரிகள் பலரை நம் தோட்டங்களிலும் கண்டிருக்கிறோம். அவர்களும் ஏறக்குறைய இப்படியே.

இனிப் பெண்மக்கள் செய்தி. தொல்காப்பியம் கடல்வழிச் செலவு பெண்ணொடு கூடியதன்று என விதிக்கின்றது. வடமொழித் தரும நூலாகிய பௌதாயனமோ கடற்பயணத்தையே சாதியிழப்புக்குரிய குற்றங்களுள் முதலில் வைத்துச் சொல்கின்றது. ஒன்று தமிழ், ஒன்று வடமொழி. இரண்டும் சேர்ந்து பெண்ணைக் கரையிலேயே நிறுத்தின. நகரத்தார் வணிகத்தைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அவர் பினாங்கில் வட்டிக்கடை நடத்தினர். 1857 இல் தமக்கெனக் கோயிலும் அமைத்தனர். கடை மேற்பார்வைக்கு வந்த மேலாளும், பெட்டியடியில் இருந்த பையனும் மூன்றாண்டுக் கணக்கு முடித்தே ஊர் போகலாம். மனைவியை உடன் அழைத்து வருதல் வழக்கத்தில் இல்லை. பணம் படைத்தவர்க்கே இக்கட்டு என்றால் பால்மரம் சீவினவனின் தாயைப் பற்றி என்ன சொல்வது?

தோட்டத் தொழிலாளியை ஏற்றி வரப் பணம் கொடுத்தது 1907 இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி. தோட்ட முதலாளிகள் தத்தம் ஆட்களின் எண்ணிக்கைக்கேற்ப அதற்கு வரி செலுத்தினர். அந்நிதியிலிருந்து ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் ஆட்கள் சேர்க்கப்பட்டு இலவசமாகக் கப்பலேறினர். 1910 இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. கங்காணி முறை நின்றது. நிதியின் நோக்கம் உழைக்கும் கை. உழைக்க மாட்டாத கிழத் தாய்க்கு இலவசச் சீட்டு வழங்கிப் பயன் என்ன என்று முதலாளி கேட்பான். அவன் கணக்கு அவனுக்குச் சரியே. 1931 ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் மலாய் நாட்டு இந்தியருள் ஏறக்குறைய இரண்டு ஆணுக்கு ஒரு பெண் என்ற நிலையே இருந்தது. பாதிக் குடும்பம் இங்கும் பாதிக் குடும்பம் அங்குமாக ஒரு மக்கட் கூட்டத்தைப் பல ஆண்டுக்காலம் வைத்திருந்தனர். பெற்றவரைக் காணும் இன்பத்துக்கு ஈடாக மணியார்டர் இருந்தது.

அப்படியும் தாய்மார் வந்தனர். நகை விற்றும், ஆடு விற்றும், மகன் அனுப்பிய காசைச் செலவழியாமல் முடிந்து வைத்தும் சீட்டு வாங்கினர். அவரை ஏற்றிவந்த கப்பல்களுள் பெயர் பெற்றது 'ராஜூலா'. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக 1926 இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட இது, எட்டாயிரம் டன்னுக்கு மேற்பட்ட நீராவிக் கப்பல். தொடக்கத்தில் ஐயாயிரம் தளப் பயணிகளுக்கு மேல் ஏற்றிக்கொள்ள அதற்கு உரிமை இருந்தது. அதனோடு பிறந்த 'ரோனா' போர்க்காலத்தில் படைவீரரை ஏற்றிச் செல்கையில், 1943 நவம்பர் 26 இல் அல்சீரியக் கரையருகே ஜெர்மானியர் குண்டுக்கு இரையாயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்க வீரர் மாண்டனர். ராஜூலா தப்பிற்று. சென்னை, நாகை, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று அது தறி நாடாப் போல் போய்ப்போய் வந்தது. 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ. ராமசாமி மலாய் நாட்டுச் சுற்றுப்பயணத்தின் பொருட்டுப் பினாங்கில் வந்திறங்கியதும் இக்கடல்வழியேதான்.

நாகையில் பெருங் கப்பல் கரையை அணைய ஆழம் போதாது. ஆதலின் கடலிலே தூரத்தில் நின்ற கப்பலுக்குப் படகில் போக வேண்டும். அலையில் எழுந்தும் தாழ்ந்தும் ஆடும் படகிலிருந்து, அதுவரை தன் ஊர் ஏரியையன்றி வேறு நீர்ப்பரப்பைப் பாராத மூதாட்டி ஏணியைப் பற்றி ஏறிய துணிவை எந்த வீரகாவியத்தில் எழுதியுள்ளனர்? தளத்தில் இலக்கமிட்ட இடம் கிடையாது. பாயை விரித்தவளுக்குப் பாயளவு நிலம், தகரப் பெட்டி ஒரு புறச் சுவர், மூட்டை தலையணை. ஊறுகாய்ச் சாடியும், வற்றலும், பேரனுக்கு அரைஞாண் கயிறும், அதில் கட்ட வெள்ளிக் காசும் அம்மூட்டைக்குள். இன்ன சாதியார் இன்ன பக்கம் என்று முதல் நாள் ஒதுங்கிப் பாய் விரித்தவரும் உண்டு. இரண்டாம் நாள் வங்கக் கடல் புரட்டத் தொடங்கியதும் யார் தலையை யார் பிடித்தனர், யார் குவளையில் யார் நீர் குடித்தனர் என்று பார்க்க எவருக்கும் கண் தெளியவில்லை. மேடையில் நின்று யாம் நூறு முறை பேசியும் அசையாத சாதிக்கட்டு, அங்கே ஒரு வாந்தியில் தளர்ந்தது. கரையிறங்கியதும் அதனை மீண்டும் இறுக்கிக்கொண்டவர் பலர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஐந்தாறு நாளில் பினாங்கு கண்ணுக்குத் தெரியும். தெரிந்த அன்றே மகனைக் காணலாமா? மேல் வகுப்பிலே வந்தவர் காணலாம். தளத்தில் வந்தவர், கப்பலில் நோய் கண்டால் அல்லது நோய் உண்டோ என்ற ஐயம் எழுந்தால், ஜெரஜாக் தீவுக்குப் போக வேண்டும். பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கிடக்கும் சிறு தீவு அது. தொழுநோயாளர் இல்லமும் தொற்றுத்தடை முகாமும் அங்கே இருந்தன. அம்மை குத்தப்பட்டு, துணி புகையூட்டப்பட்டு, நாளெண்ணி உட்கார வேண்டும். முகாமிலிருந்து பார்த்தால் எதிர்க்கரையின் தென்னைகள் தெரியும். நோயைத் தடுத்தல் வேண்டற்பாலதே. அதில் எமக்கு மாறுபாடில்லை. ஆனால் முதல் வகுப்புச் சீட்டைக் கண்டு ஒதுங்கியும், தளச் சீட்டைக் கண்டு பற்றியும் கொள்ளும் அம்மை நோய் உலகில் எங்கும் இல்லை.

இத்தனையும் தாண்டி வந்து அவள் கண்டது என்ன? பெரும்பாலோர் கண்டது, தாம் அனுப்பிய பிள்ளையை அன்று. நகராட்சிக் கூலி வரிசையில் ஓர் அறை. அல்லது துறைமுகத்தருகே பத்துப் பேர் கூடிப் படுக்கும் கொட்டில். அல்லது ஆயர் ஈத்தாம் சாலையோரத்தில் வெளுப்புத் தொழில் செய்வோர் துணி துவைக்கும் துறை. கடிதத்தில் 'சௌக்கியம்' என்று எழுதியவன் கள்ளுக்கடைக்குக் கடன்பட்டிருப்பதும் சிலவிடத்தில் தெரிந்தது. அதைவிட அவளைத் திடுக்கிடச் செய்தது மருமகள். ஊரில் பேசி வைத்த பெண் காத்திருக்க, இங்கே அவன் வேறு சாதிப் பெண்ணோடு வாழ்ந்தான். அல்லது, சீனப் பெற்றோர்க்குப் பிறந்து தமிழ்க் குடும்பத்தில் தத்துப் பிள்ளையாக வளர்ந்து தாய்மொழி தமிழேயாகப் பேசும் பெண்ணை மணந்திருந்தான். முறை பார்க்க வந்த தாய் மூன்று நாள் உண்ணாதிருந்து, நாலாம் நாள் பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டாள் என்ற கதை பல குடும்பங்களில் வழங்குகின்றது. தூக்காமலே திரும்பினவளும் உண்டு. சீர்திருத்தத் திருமணத்தின் வெற்றியை மண மேடையில் அளத்தல் எளிது. மாமியார் கப்பலிலிருந்து இறங்கிய பிறகு அளப்பதே மெய்யான அளவு.

எல்லாத் தாய்மாரும் நாகையிலிருந்து வந்தவரல்லர். மாகாண வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களிலும் பேராவின் ரப்பர்த் தோட்டங்களிலும் பிறந்து வளர்ந்த இளைஞர் பினாங்கு நகருக்குப் பிழைக்கப் போயினர். அவரைக் காணத் தந்தை துரையிடம் விடுப்புக் கேட்டு, ரெயிலேறிப் பிறையில் இறங்கி, படகேறி நகருக்குள் வருவார். 1907 இல் கட்டிய மணிக்கூண்டோடு கூடிய அழகிய ரெயில் நிலையம் ஒன்று ஜார்ஜ் டவுனில் இருக்கின்றது. அங்கே சீட்டு விற்றனர். ஆனால் தண்டவாளம் ஒன்றும் இல்லை! வண்டி எந்தப் பக்கம் நிற்கும் என்று அதன் வாயிலில் நின்று திகைத்த தோட்டத்துப் பெரியவர்கள் எத்தனை பேரோ. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் கூடிய பெருங்கூட்டத்தில் ஒரு பகுதி முருகனைக் காண வந்தது. ஒரு பகுதி, விடுப்புக் கிடைக்கும் அந்த ஒரு நாளில் மகனையும் மகளையும் காண வந்தது. இவ்விரண்டாம் பகுதியாரின் பக்தியை எம்மாலும் குறை கூற முடியாது.

1930 ஐ ஒட்டிய பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்தது. வேண்டாத கைகளென்று பல்லாயிரவர் கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்டனர். 1938 இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்றுக் கூலிக்குச் செல்வதைத் தடை செய்தது. பின் வந்தது போர். 1941 டிசம்பர் 11 இல் ஜப்பானிய விமானங்கள் பினாங்கு நகரின் மேல் குண்டு வீசின. சில நாளில் ஐரோப்பியர் இரவோடிரவாகத் தம்மவரை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு நீங்கினர். அன்றுமுதல் 1945 செப்டம்பர் வரை அக்கரையும் இக்கரையும் ஒன்றையொன்று அறியவில்லை. மகன் குண்டில் மாண்டானா, சயாம் ரெயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டானா, மரவள்ளிக் கிழங்கை உண்டு உயிரோடிருக்கிறானா என்று தெரியாமல் தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் தாய்மார் மூன்றரையாண்டு விளக்கேற்றினர். போர் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியபோது வந்தவரிற் சிலர், பிள்ளை இருந்த தெருவைத் தேடி வந்து, தெருவையும் காணாது திரும்பினர்.

1953 ஆகஸ்டு 1 இல் மலாயாவின் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் கப்பற் சீட்டே அனுமதிச் சீட்டுப்போல் இருந்தது. இனிக் கடவுச்சீட்டு, நுழைவுச்சீட்டு, பிணை என்று ஆயிற்று. மனைவிக்கும் இளம் பிள்ளைகளுக்கும் வழி வைத்த சட்டத்தில், வளர்ந்த மகனின் பெற்றோர் பெரும்பாலும் நாள் குறித்துத் தங்கும் பார்வையாளர் ஆயினர். 1957 இல் நாடு விடுதலை பெற்றது. குடியுரிமை எடுத்தவர் எடுத்தனர். படிவம் நிரப்பத் தெரியாதவரும், இன்றில்லாவிட்டால் நாளை என்றிருந்தவரும் எடுக்கத் தவறினர். 1969 இல் குடியுரிமை அற்றோர்க்கு வேலை அனுமதிச்சீட்டுக் கட்டாயம் ஆனபோது அத்தவறு வெடித்தது. அனுமதி கிட்டாத பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேறினர்.

இங்கே வரலாறு தலைகீழாய்த் திரும்பியதைக் கவனியுங்கள். முன்னே போனவன் பிள்ளை, நின்றவர் பெற்றோர். இப்போது போனவர் பெற்றோர். நாற்பதாண்டு மரம் சீவிய கிழவர், தாம் மறந்துபோன புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூருக்கு 'வீடு திரும்பினார்'. இங்கேயே பிறந்து குடியுரிமை பெற்ற மகன் பினாங்கில் நின்றான். தாம் காடழித்த நாட்டுக்குத் தம் மகனைக் காணப் பார்வையாளராய், கையில் திரும்பும் சீட்டோடு அவர் வந்தார். அதே ராஜூலாவில், அதே தளத்தில்.

ராஜூலா 1973 இல் இந்தியக் கப்பற் கழகத்திற்கு விற்கப்பட்டு, விரைவில் உடைக்கப்பட்டது. பின்வந்த 'சிதம்பரம்' என்னும் கப்பல் சென்னைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் மாண்டனர். அதோடு இக்கடல்வழிப் பயணிகள் போக்குவரவு நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. பெருநிலத்துத் தந்தை பேருந்தைவிட்டு இறங்காமலே தீவுக்கு வந்தார்; நாகைத் தாய்க்கு விமானம் ஒன்றே வழியாயிற்று. ஆட்டுக்கல்லைக்கூடச் சுமந்து வந்த கப்பல் போய், மூட்டையை நிறுத்து எடை பார்க்கும் காலம் வந்தது.

2023 டிசம்பர் முதல் மலேசியா இந்தியக் குடிகளை விசாவின்றி 30 நாள் வரை தங்க விட்டது. ஆறு நாட் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. ஆயினும் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக் கண்ணாடி மேசையின் முன்னே, துணிப்பையை மார்போடணைத்து நிற்கும் மூதாட்டியைப் பார்த்து அதிகாரி கேட்பது பழைய கேள்விகளையே: யாரைக் காண வந்தீர்? எத்தனை நாள் இருப்பீர்? திரும்பும் சீட்டு எங்கே? அம்மேசையிலிருந்து ஜெரஜாக் தீவு சில கல் தொலைவுதான்.